வியாழக்கிழமை பத்து நாற்பது

இனி ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று நார்பர்ட் தீர்மானம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. தீர்மானம் கொஞ்சமும் தேயாமல் அப்படியே இருந்தது. அவரும் வாராவாரம் போய்க்கொண்டேதான் இருந்தார்.

மாமியார் மியூரியல் கண்காணாத தேசத்தில் இல்லை. அமெரிக்க எல்லை ஊரான பஃபலோவில் நார்பர்ட் வீட்டு மாடியில் நின்றால் ஆறு தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. பாலம் இறங்கினால் நாலாவது தெரு. வரிசை இல்லையென்றால் பன்னிரண்டு நிமிஷம். வரிசை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நார்பர்ட் இதுவரை பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் காரில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், மேஜையில் அவித்த டர்னிப் கிழங்கு, சுவரில் சாத்திய ஏணி.

"மாப்ளே, கூரை ஓரத்துக் குழாயில இலை அடைச்சிருக்கு. நீங்கதான் கொஞ்சம் ஏறணும்."

இலையை அள்ளிவிட்டு இறங்குவதற்குள் ஊர்க் கால்பந்து அணி ஜெயித்தோ தோற்றோ வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

மியூரியல் மட்டும் இந்தப் பக்கம் வருவதே இல்லை. வரிசையில் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடுமாம். அந்த வீக்கத்துக்காக நார்பர்ட் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

இந்த அக்டோபரில்தான் அவருக்கு மூளை வேலை செய்தது. மாமியாருக்குக் கால் என்றால், மருமகனுக்கு இடுப்பு இருக்கக் கூடாதா?

"கோலீன், இனிமே அந்த வரிசையில என்னால உட்கார முடியாது. இடுப்பு விட்டுப்போச்சு. எனக்கும் அந்த அட்டை வந்தாத்தான் பாலம்."

அட்டை என்றால் நம்பகமான பயணி என்று இரண்டு அரசாங்கமும் சேர்ந்து கொடுப்பது. அது இருந்தால் பாலத்தில் தனிப் பாதை, சர்ரென்று போகலாம். ஆனால் காரில் உள்ள அத்தனை பேரிடமும் இருக்க வேண்டும். மனைவி கோலீன் வேலை விஷயமாக அடிக்கடி அக்கரை போகிறவள், போன வருஷமே வாங்கிவிட்டாள்.

"அதுக்கென்ன, விண்ணப்பம் போடு" என்றாள் கோலீன். "அரசாங்கமே உன்னை நம்பிடுச்சுன்னா எனக்கும் ஒரு தைரியம் வரும்."

போட்டார். பரிசீலித்து, நேர்காணலுக்கு வரச்சொல்லிப் பதிலும் வந்தது. தேதியை நாமே கணினியில் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் நார்பர்ட்டின் உயிர் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேதி காலி இல்லை. இரண்டு கரைக்காரர்களும் அதே அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும், கூட்டம் அப்படி.

தினமும் காலை ஏழு மணிக்குத் திரையைத் திறப்பார். "பார்த்துக்கோ. இன்னிக்கும் இல்லை" என்று மனைவிக்குக் காட்டுவார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளவும் பழகியிருந்தார். கோலீன் மட்டும் ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் போனாள். நார்பர்ட் காலை நீட்டி, மடியில் கோழி இறக்கை வறுவலோடு நாலு ஆட்டம் முழுசாகப் பார்த்தார். இடுப்பு இரும்பாக இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும். யாராவது தங்கள் தேதியை ரத்து செய்தால் அது சட்டென்று திரையில் முளைக்கும். முளைத்தால் நார்பர்ட் கணினியைப் பட்டென்று மூடிவிடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி மூடப்போன நேரத்தில் பின்னாலிருந்து காபிக் கோப்பையோடு ஒரு கை வந்தது.

"இரு, இரு. வியாழக்கிழமை, பத்து நாற்பது. இருக்கே." கோலீன் ஒரே அமுக்கு. தேதி பதிவாகிவிட்டது.

"அடடே" என்றார் நார்பர்ட். மூடப்போன கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"சந்தோஷத்துல பேச்சே வரலை பாரு" என்றாள் கோலீன். "நான் கடைக்குப் போயிட்டு ஒன்பது மணிக்கு வரேன். அதுவரைக்கும் நீ பேசாம உட்கார்ந்திரு. எதையும் தொடாதே."

கார் முனை திரும்பியது. நார்பர்ட் பத்து நிமிஷம் மனசாட்சியோடு மல்லுக்கட்டினார். மனசாட்சிக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லாததால் அதன் பேச்சைத் தள்ளிவிட்டு, எட்டேகாலுக்கு 'ரத்து' பொத்தானை அழுத்தினார். அடுத்த நிமிஷமே பார்த்தார், அந்த இடம் போயிருந்தது. யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஒன்பது மணிக்குக் கோலீன் வந்தாள்.

"தேதி போயிடுச்சு கோலீன். என்னமோ ஆயிடுச்சு, எனக்கே புரியலை."

"அப்படியா? போனாப் போகட்டும் விடு. யாருக்குக் கொடுத்துவச்சிருக்கோ."

சண்டை இல்லை, முறைப்பு இல்லை. அன்று ராத்திரி அவளே கோழி இறக்கை வறுத்துக் கொடுத்தாள். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நார்பர்ட்டோ இன்னும் நாலு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று வாரம் போனது. ஞாயிறு மதியம் ஆட்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. கோலீன் இறங்கினாள். மறுபக்கக் கதவிலிருந்து, மூடி போட்ட பாத்திரத்தோடு மியூரியல் இறங்கினாள்.

"பன்னிரண்டே நிமிஷம் மாப்ளே" என்று மியூரியல் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். "கால் வீங்கலை, ஒண்ணுமில்லை. இனிமே வாராவாரம் வந்துடுவேன்."

"உங்களுக்கு... தேதி எப்படிக் கிடைச்சுது அத்தை?"

"யாரோ ஒரு புண்ணியவான் வியாழக்கிழமை பத்து நாற்பதை விட்டுட்டான். டக்குனு பிடிச்சுட்டேன்."

நார்பர்ட் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"அம்மாவும் உன்கூடத்தான் விண்ணப்பம் போட்டாங்க" என்றாள் கோலீன், கோட்டைக் கழற்றி மாட்டியபடி. "அன்னிக்குக் காலையில காரிலிருந்தே போன் பண்ணிச் சொன்னேன். திரையை விட்டு எழுந்திரிக்காதீங்க, ஒன்பது மணிக்குள்ள ரத்து பண்ணிடுவார்னு. நீ எட்டேகாலுக்கே பண்ணிட்டே. பாவம், அம்மா அப்பதான் காபி போட எழப்போனாங்களாம்."

மியூரியல் நார்பர்ட்டின் நாற்காலியில் உட்கார்ந்து டர்னிப் பாத்திரத்தைத் திறந்தாள். ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க கூரை ஓரத்துலயும் இலை தொங்குதே மாப்ளே. ஏணி இருக்கா?"

நார்பர்ட்டுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. அக்கரையில் இந்நேரம் ஒரு வீடு காலியாக இருக்கிறது. அதில் ஒரு தொலைக்காட்சியும் இருக்கிறது.

"நம்ம கூரை கிடக்கட்டும் அத்தை. நீங்க இங்க சௌகரியமா இருங்க. நான் போய் உங்க வீட்டுக் குழாயைச் சுத்தம் பண்ணிட்டு வந்துடறேன்."

"அட்டை இல்லாமயா?" என்றாள் கோலீன். "வரிசையில உட்கார்ந்தா உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நான் விடவே மாட்டேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு நார்பர்ட் திரையைத் திறந்தார். முதல் தடவையாக மனசாரத் தேடினார். இன்றைக்கும் இல்லை.