விபூதியில் விழுந்த நாலாவது கோடு

அடியார்களின் முறையீட்டைக் கேட்பதில் பழனியாண்டவனுக்கு நிகர் ஒருவரும் இல்லை. எஞ்சின்களின் முறையீட்டைக் கேட்பதில் பெருமாள்மலை டைனமோக்காரருக்கு நிகர் ஒருவரும் இல்லை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது அபசாரம் என்று கருதுவோர், அறுபதுகளில் அந்த மலைப்பாதையில் பயணம் செய்திராதவர்கள்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் பஸ் கண்ணுக்குத் தெரிவதற்கு மூன்று வளைவுகளுக்கு முன்பே, டீக்கடைப் பெஞ்சில் கண்மூடி அமர்ந்திருக்கும் அவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “மூணாவது பிளக் தும்முதுங்க. டிரைவரு வேற கோவத்துல வாராரு.” பஸ் வந்து நிற்கும், இரண்டும் மெய்யாக இருக்கும். பஸ்களின் டைனமோவைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மனிதரிடம் பேசும்போது ‘ங்க’ தவறாது. எஞ்சினிடம் மட்டும் ‘ஏலே’ என்பார்.

நான் அப்போது பண்ணைக்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் தலைமை எழுத்தர். வெள்ளிதோறும் தோட்டத்துக் கோயிலில் சந்தப் பாக்களை ஓதுவது வழக்கம். டைனமோக்காரர் முன்வரிசையில் அமர்ந்து, தலையைச் சாய்த்து, உருகிக் கேட்பார். இப்படியும் ஓர் இரசிகரா என்று நான் பூரித்திருந்தேன். ஒருநாள் விபூதி வாங்கும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஐயா, மேல ஏறுறப்ப நாலாவது அடியில மூச்சு இழுக்குறீங்க. பில்டர்ல அடைப்புங்க. மிளகு ரசம் குடிங்க.”

“அது இருக்கட்டும். பாட்டு எப்படி?” என்றேன்.

“பாட்டா? அத நான் கவனிக்கலைங்களே!”

எங்கள் முதலாளி ஒரு சிறு விமானம் வைத்திருந்தார்; ஓட்டுவதும் அவரே. இருவர் அமரலாம், கூடவே ஒரு பையை வைத்தால் முனகும். வத்தலக்குண்டை அடுத்த வெட்டவெளியில், தகரக் கொட்டகையொன்றில் அது நின்றது. விளக்கையும் ரேடியோவையும் சேர்த்துப் போட்டால் அதன் டைனமோ மயங்கிவிடும். ஆகவே, ஆல்டர்னேட்டர் என்னும் புதுவகை மின்னாக்கியை வரவழைத்த முதலாளி, அதைப் பொருத்த டைனமோக்காரரை அழைத்தார்.

“டைனமோவக் கழட்டணுமா? என் பேரையே கழட்டச் சொல்றீங்களே, மொதலாளி!” என்று போனவர் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வெள்ளனே வந்து நின்றார். முதலாளி கொடுத்த ஒரு வாக்குதான் காரணம். அரசாங்க ஆய்வாளர் அனுமதி அளித்ததும், முதல் பயணத்திலேயே டைனமோக்காரரை ஏற்றிக்கொண்டு பழனிமலையை ஆகாயத்தில் வலம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாக்கின் அருமை எனக்குத் தெரியும். பஸ்களின் அடியில் படுத்தெழுந்தே முழங்கால் இரண்டும் பழுதாகி, அவர் படியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மலையைச் சுற்றி நடக்கவும் இயலாது. தூக்கிச் செல்ல ஆள் இருந்தும் ஒப்பமாட்டார். “சாமி முன்னாடி லக்கேஜா போய் எறங்கவாங்க?” என்பார்.

புதுக் கருவி எடையில் குறைவு. ஆனால் பொருத்திய இடத்தில் இரண்டு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எஞ்சினைப் போர்த்தும் தகட்டைக் கௌலிங் என்பார் முதலாளி. மூடி என்பார் டைனமோக்காரர். எந்தப் பெயரிட்டு அழைத்தும் அது சாத்த மறுத்தது. உடனே மூடியில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தார். வேறோர் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்துத் தட்டிப் புடைக்கச் செய்து, வெட்டிய இடத்தில் ரிவெட் ஆணிகள் அடித்துப் பொருத்தினார். ஒவ்வோர் அடிக்கும் ஓர் அதட்டல்: “ஏலே, வளைடா! வெரசா வளை! எனக்கு மேல சோலி கெடக்கு.”

புடைப்பு அப்படியே ஒரு நெற்றியாக அமைந்துவிட்டது. நெற்றி பாழாகக் கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆய்வு நாளன்று காலை, பழனி விபூதியைக் குழைத்து, புடைப்பைத் தாண்டி மூடியிலும் நீளும்படி மூன்று பட்டை இட்டோம். இட்ட கை என்னுடையது. சக்கரங்களுக்கு எலுமிச்சை வைத்தோம். பூசணிக்காயை மட்டும் முதலாளி தடுத்துவிட்டார்.

ஆய்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். “ஏன் சார், இது பிளேனா, சப்பரமா?” என்று கேட்டுவிட்டு, மூடியைத் திறந்து உள்ளும் புறமும் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டார்கள். மின்சார அளவைக் காட்டும் முள் துடிக்காமல் சரியான இடத்தில் நின்றது. “வெட்டின மூடிக்குப் பெரும்பாலும் நான் ஒத்துக்கிறதில்லை. ஆனா வேலை சுத்தம்” என்று பேனாவைத் திறந்தார். அவர் மறுத்தால் விமானத்தை விற்றுவிடுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தது ஆய்வாளர் உட்பட எல்லோருக்கும் தெரியும். டைனமோக்காரருக்கு மிக நன்றாகத் தெரியும்.

எப்போதும் கேட்கிறவர், அன்று பார்த்தார். என் மூன்று வெள்ளைக் கோடுகளுக்குக் குறுக்கே, மயிரிழை போல், நாலாவதாக ஒரு கறுப்புக் கோடு. எஞ்சின் ஓடிய சூட்டில், மூடியின் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே எண்ணெய் கசிந்து விபூதியில் ஊறியிருந்தது. விரிசல், அவர் வெட்டிய சதுரத்தின் மூலையிலிருந்து கிளம்பியிருந்தது.

ஒரு விரலால் துடைத்திருக்கலாம். என் மேல்துண்டே அருகில்தான் இருந்தது. அவர் விரல் அந்தக் கோட்டருகே போனதையும் கண்டேன். தொடாமலே திரும்பி வந்தது.

“ஐயா, கையெழுத்துப் போடாதீங்க. நான் வெட்டுனது கீறல் விட்டுருக்குங்க.”

முதலாளி பல்லைக் கடித்தார். “வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லய்யா?”

“மூடியே வாயத் தொறந்துருச்சு, மொதலாளி. நான் மூடி என்ன செய்ய?”

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அணிந்து அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். “நான் விட்டுட்டேன். நீ எப்படிப்பா பிடிச்சே?”

“நான் எங்கங்க பிடிச்சேன்? முருகன் நெத்தியில எழுதிக் காட்டிட்டாரு.”

ஆய்வாளர் பேனாவை மூடினார்; ஆனால் அனுமதித் தாளைக் கிழிக்கவில்லை. “மூலையைச் சதுரமா வெட்டினா அங்கேதான் கீறும். வளைச்சு வெட்டு, புதுத் தகடு போடு. அடுத்த வாரம் நானே வர்றேன். சார், அதுவரைக்கும் விக்காதீங்க. இப்படி ஒரு ஆளு கிடைக்கமாட்டான்.”

சொன்னபடியே வந்தார்; கையெழுத்திட்டார். போகும்போது, விபூதி மட்டும் இருக்கட்டும் என்று வாய்மொழியாக ஆணையும் இட்டார்.

முதலாளியும் டைனமோக்காரரும் பறந்து சென்று பழனிமலையை வலம் வந்து இறங்கும் வரை, நான் கொட்டகை வாசலில் முருகனின் ஆறெழுத்து மந்திரத்தை ஓதிக்கொண்டு நின்றேன். இறங்கியதும் ஓடிச்சென்று கேட்டேன்: “கோபுரம் தெரிந்ததா? படிகள் தெரிந்தனவா? மேலிருந்து மலை எப்படி?”

“மலையா?” என்று விழித்தார் டைனமோக்காரர்.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சுத்தி முடியற வரைக்கும் மனுஷன் கண்ணையே தொறக்கலய்யா! தலையச் சாச்சு எஞ்சினையே கேட்டுக்கிட்டு வந்தாரு!”

“ஒரு தும்மல் இல்லைங்க ஐயா,” என்றார் டைனமோக்காரர், கண்கள் நிறைய. “முழுச் சுத்தும் ஒரே சுருதி. உங்க பாட்டு மாதிரி இல்ல.”

இந்த வயதிலும் என் கால்கள் பழுதின்றி இருக்கின்றன, அவன் அருள். கிரிவலம் போனால் ஒரு சுற்றோடு நான் திரும்புவதில்லை. அவர் பார்க்காமல் விட்ட மலையை, அவருக்காக இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.