வடக்கு தொலைந்த கல்

“இந்தக் கல்லுல ஒரு அம்புக்குறி இருந்துச்சேம்மா?”

“தேச்சிட்டேன். இன்னா அழுக்கு.”

எழிலன் தரையில் உட்கார்ந்துவிட்டான். புளியந்தோப்புக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், பூனை திறக்காமலிருக்கக் கருவாட்டு டப்பாவின் மேல் அவன் அம்மா ராஜாத்தி ஏற்றி வைத்திருந்தது அவனுடைய முனைவர் பட்டத்தை.

மினுமினுக்கும் அந்தப் பாறைக்குள் அப்பிரகத் துகள்கள் குட்டி மீன்கள்போலச் சாய்ந்திருக்கும். சாய்வைப் பார்த்தால், பூமிக்கடியில் பாறைகள் எந்தப் பக்கமாக உரசி நகர்ந்தன என்று சொல்லிவிடலாம். ஆனால் கல் கிடந்த இடத்தில் வடக்கு எது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அம்புக்குறி. அவனுடைய பேராசிரியை ரமாபாய் பத்து வருடத்துக்கு முன் மலையிலிருந்து கொண்டுவந்த கல் அது. அவர் பேர் வாங்கிய கட்டுரையும், இப்போது எழிலன் எழுதும் ஆய்வேடும் அதை வைத்துத்தான். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வாங்கிப் போக வருகிறார்.

“டப்பா மேல இருந்தப்போ அம்பு எந்தப் பக்கம் பார்த்துச்சு?”

“எண்ணூர் பக்கம்.”

கல்லை டப்பா மேல் பழையபடி வைத்து மார்க்கரால் கோடு போட்டான்.

“இல்ல நைனா, மூலக்கொத்தளம் பக்கம்.”

“சுடுகாட்டுப் பக்கமா?”

“அப்டித்தான் ஞாபகம் கீது.”

“சரி, நானும் அங்கதான் போகணும்.”

தின்னர் ஊற்றித் துடைத்தான். மை கரைந்து கல் முழுக்க நீலமானது. மேலே லேசாகச் சீவினால் போய்விடும் என்று, கீழே கிரானைட் அறுக்கும் வால்டரிடம் ஓடினான். மிஷின் பட்டதும் கல் அடுக்கடுக்காகப் பிரிந்து ஏழு துண்டானது.

“மாமு, இது கல்லு இல்ல, பரோட்டா” என்றார் வால்டர்.

ரமாபாய் வந்ததும் எழிலன் ஏழு துண்டையும் தட்டில் வைத்து நீட்டி, நடந்ததைச் சொன்னான். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“மேடம், கருவாடு சாப்புடுவீங்களா?” என்றாள் ராஜாத்தி.

“அன்னைக்கு மலையில மாணவர்கள் வடக்கு குறிச்சுவெச்ச ஒரே கல்லு, எழிலன்.”, ரமாபாய் சொன்னார். “ அந்த அம்பு இல்லன்னா என் கட்டுரையே இல்ல. உன் ஆய்வேட்டுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அன்றும் இன்றும் அவருக்கு வண்டி ஓட்டும் மணி, வாசலிலிருந்து தட்டை எட்டிப் பார்த்தார்.

“அந்த அம்பா மேடம்? அத நான்தான் போட்டேன். பின்னாடி வந்துகினு இருந்த பசங்களுக்கு டீக்கடை எந்தப் பக்கம்னு தெரியணும்ல.”