தலையாட்டிச் சரித்த தவளை

எனக்குச் சம்மதத்தை 'ஓம்' என்று வாயால் சொல்லும் பழக்கம் இல்லை. தலையைத் தோள்பக்கம் ஒருதரம் சரிப்பேன், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் (நீங்களும் இப்போது சரித்திருப்பீர்கள்).

எண்பதுகளின் பின்பாதியில் ரொறன்ரோவில் ஒரு கட்டட வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரத்தோடு வேலைக் கடிதமும் வைக்க வேண்டும். "இந்தக் கிழமை பிழைவிடாமல் வேலை செய், வெள்ளிக்கிழமை கடிதம் தருகிறேன்" என்றார் எங்களை மேய்த்த இத்தாலியப் போர்மன்.

வியாழக்கிழமை, கட்டட வாசலில் வைக்க ஒரு தவளை வந்திறங்கியது. லொறியளவு மஞ்சள் தவளை, தலையில் ஒரு தேத்தண்ணிக் கேத்தல். செய்தவர் யப்பானியச் சிற்பி. பொது இடங்களில் இப்படிக் குறும்புச் சிலைகள் வைப்பதில் பெயர்போனவராம். கிரேன் தவளையைத் தூக்கிப் பிடிக்க, அது நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அவர் என்னைத் தூரத்தில் நிறுத்தினார்.

"ஓகே?" என்று கத்தினார்.

அச்சொட்டாக நேராக நின்றது. தலையைச் சரித்தேன். அவர் கிரேன்காரருக்குக் கைகாட்ட, தவளையும் அதே பக்கம் கொஞ்சம் சரிந்தது.

"ஓகே?"

கலைஞர் அல்லவா, காரணம் இல்லாமல் சரிப்பாரா? மரியாதைக்கு இன்னும் நன்றாகச் சரித்தேன். தவளையும் சரிந்தது. நாலாம் முறை என் காது தோளில் முட்டியது.

காலடிக் கம்பிகளை எல்லாம் வெல்ட் பண்ணி முடித்த பிறகுதான் போர்மன் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

"யார் சரி என்று சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடிதம் போச்சு, இனி அவள் வந்த மாதிரித்தான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிற்பி என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கேத்தலின் மூக்கு, கீழே போகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப்போவதுபோல் குனிந்திருந்தது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "நோ டச்! பெட்டர்!" என்றார்.

மறுநாள் போர்மன் என் முகத்தைப் பார்க்காமலே கடிதத்தைத் தந்தார்.

மனைவி வந்து கதையைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் தலையாட்டல் பதிலாக ஏற்கப்படுவதில்லை. பிறகொரு காலம், மகள் விரும்பிய பொடியன் முதல்முறை வீட்டுக்கு வந்தான்.

"எங்கட பிள்ளையைக் கட்ட உங்களுக்குச் சம்மதமோ தம்பி?" என்று கேட்டாள் மனைவி.

அவன் வெட்கத்தோடு தலையைச் சரித்தான்.

"வாயைத் திறந்து சொல்லுங்கோ. இவர் உப்பிடி ஆட்டித்தான் ஒரு தவளையையே விழுத்தப் பார்த்தவர்."

பொடியன் பயந்து எழும்பி நின்று, "ஓம் அன்ரி!" என்று கத்தினான்.

இப்போது அவர் எங்கள் மருமகன். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டால்கூட எழும்பி நின்றுதான் கத்துகிறார்.