இரண்டரை மைல் தொலைவில் ஸ்பெயின்

ஸ்பெயினுக்குக் குடிபோகும் யோசனை எனக்கு நியூயார்க்குக்குப் பக்கத்தில், பதினெட்டாம் எண் சாலையில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் சிக்னல் ஒன்றில் வந்தது. பிப்ரவரி மாதம். வைப்பர் கண்ணாடியோடு உறைந்துபோய் முனகிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தும் முன்னால் நின்ற கார் நகரவில்லை. அதற்கும் வாழ்க்கை அலுத்திருக்க வேண்டும். நான் போனில் போட்டுவிட்டிருந்த நிகழ்ச்சியில் ஒரு தம்பதி, அலிகாண்டே என்ற கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாடகை குறைவாம். வருடம் முழுக்க வெயிலாம். மதியம் கடையை மூடிவிட்டு ஊரே தூங்குமாம். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் அதற்குள் அலிகாண்டேயில் ஒரு பால்கனியில் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கரூர்க்காரன். வெயிலிலிருந்து தப்பிப்பதற்காகவே படித்து முன்னேறியவன்.

என் மனைவி நித்யா இதைத்தான் முதலில் கேட்டாள். மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். குளிர்காலத்தில் விடியும் முன் கிளம்பி, இருட்டிய பின் வருவாள்.

"வெயில் வேணும்னா கரூர்லயே இருந்திருக்கலாமுங்களே." (எங்கள் பக்கத்தில் இந்த ‘ங்க’ மரியாதைக்கு மட்டுமல்ல, அடிப்பதற்கும் பயன்படும்.)

"இது வேற வெயில், நித்யா. கடல் காத்தோட வர்ற வெயில்."

"சரிங்க."

நான் சோர்ந்துபோகிற ஆள் இல்லை, அந்தக் காலத்தில். ஒரே வாரத்தில் போனில் ஸ்பானிஷ் பாடம் தொடங்கி, ஃபிரிட்ஜ் கதவில் அலிகாண்டே வரைபடம் ஒட்டினேன். நான் வேலை பார்ப்பது பத்தே பேர் உள்ள கம்பெனி. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய் என்று முதலாளி கடிதமே கொடுத்துவிட்டார். அந்தக் கடிதம் இருந்தால் ஸ்பெயினில் விசா தருவார்கள், மனைவி குழந்தையையும் கூட்டிப்போகலாம் என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யா டிரையரிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பால்கனியில துணி காயுமா?"

"அரை மணி நேரத்துல காயும்."

"வெயில்ல காஞ்ச துணிய மடிச்சு ஏழு வருஷம் ஆச்சு," என்றாள். அவ்வளவுதான். அதுதான் அவள் சம்மதம். கூடவே ஒரு நிபந்தனை: "விசா கைக்கு வர்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. நானும் வேலைய விட மாட்டேன்."

நான் மூச்சு விடாமல் நான்கு நாள் இருந்தேன்.

ஐந்தாம் நாள் ஜெயந்தி ஆன்ட்டியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், பல் டாக்டர். எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பம் வந்தால் வரவேற்பதும் போனால் வழியனுப்புவதும் அவர் பொறுப்பு. யாரும் அவரிடம் கொடுத்ததில்லை, அவராக எடுத்துக்கொண்டது. என் கடைவாய்ப் பல்லை நோண்டிக்கொண்டே "வேறை என்ன புதினம், தம்பி?" என்று கேட்டார். வாயைத் திறந்து வைத்திருந்த நிலையிலும் நான் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். எப்படி என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

விசா நேர்காணல் ஒரு வியாழக்கிழமைக்குக் கிடைத்தது, நியூயார்க்கில். நான் உடனே மூன்று காரியங்கள் செய்தேன். மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று அபார்ட்மென்ட் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தேன். வரும் தபால்களையெல்லாம் கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் இருக்கும் பெரியம்மா பையன் செந்தில் அண்ணன் வீட்டுக்குத் திருப்பிவிடும்படி தபால் நிலையத்தில் பதிந்துவைத்தேன். ஜெயந்தி ஆன்ட்டி பிரிவுபசார விருந்துக்கு நாள் கேட்டபோது, நேர்காணலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையைச் சொன்னேன்.

"விசா வரட்டுமுங்களே," என்றாள் நித்யா.

"வந்த மாதிரிதான்."

விருந்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்ததில் பதினொன்று தயிர்சாதம். எல்லோருமாகச் சேர்ந்து நீல நிறத்தில் ஒரு சூட்கேஸ் பரிசளித்தார்கள். எங்கள் மகள் இனியா உள்ளே படுத்துப் பார்த்து, இடம் இருப்பதாக அறிவித்தாள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். வேலைக்காக வாழ்கிறோமா, வாழ்வதற்காக வேலை செய்கிறோமா என்று கேட்டேன். கிரீன் கார்டுக்காகப் பத்து வருடமாகக் காத்திருக்கும் மனிதர்களைப் பார்த்துக் கேட்டேன். யாரும் என்மேல் தயிர்சாதத்தை வீசவில்லை. நல்ல மனிதர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. ஊரைவிட்டுப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை வாட்ஸாப் குழுவில் போட்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது இங்குள்ள தமிழர் வழக்கம். நித்யா இனியாவை ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கூட்டிப்போயிருந்தாள். பெரிய சாமான்களைக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போட்டேன். கிரைண்டர் இரண்டு நிமிடத்தில் போனது. சோபாவுக்குச் சின்னச் சண்டையே நடந்தது. கடைசியாக, அலமாரியின் மேல் தட்டிலிருந்து பெரிய இட்லிப் பானையை இறக்கினேன். மாமனார் மாமியார் வந்தால் மட்டும் இறங்கும் பானை.

அதை வாங்க வந்தவன் பிரபு. புது மாப்பிள்ளை. டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் வேலைக்குச் சேர, மறுநாளே வாடகை லாரியில் சாமான்களோடு கிளம்புகிறவன்.

"வெயிட்டா இருக்கேண்ணா."

"அந்தக் காலத்துப் பொருள் பிரபு. சும்மாவா?"

திங்கட்கிழமை மாலை, நேர்காணலுக்குக் கோப்பு அடுக்கத் தொடங்கினாள் நித்யா. காலி அலமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பெரிய இட்லிப் பானை எங்க?"

"பிரபு கேட்டான், கொடுத்துட்டேன்."

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். (சோபா போய்விட்டிருந்தது.)

"அதுக்குள்ளதான் நம்ம கல்யாண சர்டிபிகேட் இருந்துச்சு."

மூன்று மாதமாக என் மாமனார் கரூரில் பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாக நடந்து, சென்னைக்கு அனுப்பி முத்திரை வாங்கி, இங்கே வந்து சேர்ந்த அசல் சான்றிதழ். அது இல்லாவிட்டால் நான் மட்டும்தான் விசா கேட்கலாம்.

"யாராவது இட்லிப் பானையில சர்டிபிகேட் வைப்பாங்களா?"

"எதை எடுத்தாலும் தொலைச்சிர்றீங்க. இந்த வீட்டுல நீங்க தொடவே தொடாத ஒரே பாத்திரம் அதுதான்னு வெச்சேன்."



பிரபுவை அழைத்தேன். டெக்சாஸ் போகும் வழியில், டென்னசியில் போய்க்கொண்டிருந்தான்.

"பானையா? பத்திரமா இருக்குண்ணா. லாரில அடியில இருக்கு. அதுக்கு மேல வாஷிங் மெஷின், அதுக்கு மேல உங்க சோபா."

"கொஞ்சம் நிறுத்திப் பாக்க முடியுமாப்பா?"

மறுமுனையில் அவன் மனைவியின் குரல் கேட்டது: "யாரு, அந்த ஸ்பெயின் அண்ணனா? போன வைக்கச் சொல்லுங்க."

ஆனாலும் பிரபு தங்கமான பையன். இரவெல்லாம் ஓட்டி, செவ்வாய்க்கிழமை மதியம் ரவுண்ட் ராக்கில் இறங்கியதும், முதல் வேலையாகப் பானையைத் தேடி எடுத்து, உள்ளே சான்றிதழ் இருந்த உறையைத் தபால் நிலையத்தில் மறுநாளே சேரும் விரைவுத் தபாலில் போட்டான். புதன்கிழமை காலையிலிருந்து நான் தபால் பெட்டி அருகிலேயே நின்றேன். மாலையில் நித்யா போனில் உறையின் பயணத்தைத் தேடிப் பார்த்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

"சான் ஹோசேக்குப் போகுதாம்."

நான் வாழ்க்கையில் முன்கூட்டியே ஒழுங்காகச் செய்துமுடித்த ஒரே காரியம், தபாலைத் திருப்பிவிடச் சொன்னதுதான். என்னை நம்பி, நான் சொன்னபடியே செய்தது தபால் துறை ஒன்றுதான்.

வியாழக்கிழமை தூதரகத்துக்கு வெறுங்கையோடு போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மிகவும் அன்பாகப் பேசினார். போனில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டினேன். மாலையும் கழுத்துமாக நாங்கள், பின்னால் இலை போடச் சொல்லிக் கத்தும் என் சித்தப்பா. படம் அழகாக இருக்கிறது, அசல் சான்றிதழோடு வாருங்கள் என்றார். அடுத்த நேர்காணல் நான்கு மாதம் கழித்துத்தான் இருந்தது.

அபார்ட்மென்ட்டை அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று. சாமான் இல்லை, வீடு இல்லை, ஒரு நீல சூட்கேஸ் மட்டும் இருந்தது. மாதக் கடைசியில் ஜெயந்தி ஆன்ட்டியே அழைத்தார்.

"கீழ்வீடு சும்மாதானே கிடக்கு. வந்து இருங்கோ."

ஆக, பிரிவுபசாரம் செய்துவைத்தவரின் வீட்டு பேஸ்மென்ட்டுக்கே, பரிசாகக் கொடுத்த சூட்கேஸோடு குடிபோனோம். பழைய வீட்டிலிருந்து சரியாக இரண்டரை மைல். ஜன்னல் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் டிரையர். முதல் நாள் அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது நித்யா சொன்னாள்:

"நான் உங்களுக்காகத்தான் சரின்னேன்னு நெனச்சீங்களா? நெஜமாவே போகணும்னு இருந்துச்சுங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் டெக்சாஸ் வெயிலையும் கலிபோர்னியா வெயிலையும் பார்த்தது அந்தச் சான்றிதழ் ஒன்றுதான்.

பிறகு வந்த வாரங்களை நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. இந்தியன் கடையில் வெண்டைக்காய் பொறுக்கும்போது, முதுகுக்குப் பின்னால் "இன்னும் போகலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. தொப்பி போட்டுப் பார்த்தேன். தொப்பி போட்டுக்கொண்டு எங்கே, ஸ்பெயினுக்கா என்று கேட்டார்கள். எங்கள் கிரைண்டரில் அரைத்த மாவில் ஊற்றிய தோசையை வேறொருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தோசை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன்.

எல்லாவற்றையும்விட இனியா. டேகேரில் டீச்சர், உங்கள் குடும்பம் ஸ்பெயினுக்குப் போகவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

"வீ டிட் மூவ். ஸ்பெயின் இஸ் டவுன்ஸ்டேர்ஸ்."

அன்றிலிருந்து அந்த பேஸ்மென்ட்டுக்கு ஊரில் ஸ்பெயின் என்றே பெயர். "மாவு வாளி எங்கை?" என்றால் "ஸ்பெயினிலை கிடக்கு" என்கிறார் ஆன்ட்டியின் கணவர். அவர் அதிகம் பேசாத மனிதர். இதற்காகவே பேச ஆரம்பித்தார்.

செந்தில் அண்ணன் உறையைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிரபு பானையையும் அனுப்பினான், உள்ளே ஒரு பாக்கெட் மிக்சரோடு. அடுத்த நேர்காணல் வருகிற செவ்வாய்க்கிழமை. சான்றிதழ் இந்த வீட்டில்தான் எங்கோ இருக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியாது. அதுதான் திட்டமே. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை கார் ஓட்டுவது.

நேற்று ஆன்ட்டியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "இந்தத் தடவை விசா வந்துருச்சுன்னா ஆன்ட்டி, பார்ட்டி எதுவும் வேண்டாம்."

"அதெப்படி, தம்பி? வைக்கத்தானே வேணும்," என்றார். "ஆனா நீங்கள் பிளேன் ஏறி, அங்கை போய் இறங்கி, ஒரு கிழமை, முழுக்க ஏழு நாள், இருந்தாப் பிறகு வைப்பம். நீங்கள் வர வேண்டாம்."