பத்தொன்பது அல்ல, எட்டு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் மகளும் பேத்தியும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதவும். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் உங்கள் காதுக்கு எட்டும்படி கத்தினால் தெருவுக்கே கேட்கும். இது தெருவுக்குக் கேட்கக்கூடிய சமாசாரம் இல்லை.

முதலில் ஒரு விண்ணப்பம். முடிவெட்டும் கடையிலும், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் யார் மாட்டினாலும், "என் மாப்பிள்ளை பத்தொன்பது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கார்" என்று தாங்கள் சொல்லிவருவதாக அறிகிறேன். தயவுசெய்து இனி எட்டு என்று சொல்லவும்.

நடந்தது இதுதான். பதவி உயர்வுக் கமிட்டி என் வெளியீட்டுப் பட்டியலைக் கேட்டது, கொடுத்தேன். இயற்கணிதத்தில் பன்னிரண்டு, மென்பொருளில் ஏழு. கணிதத் துறைக்காரர்கள் "இவர் கம்ப்யூட்டர் ஆள்" என்றார்கள், கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் "இவர் கணக்கு வாத்தியார்" என்றார்கள், கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "இந்த ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, போதும்" என்றார். நானும் புத்தி கெட்டுப்போய்க் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். என் ஏழு மென்பொருள் கட்டுரையும் ஒரே புரோகிராமைப் பற்றியவை, மாமா. ஒரு கணித நிரூபணத்தை உள்ளே கொடுத்தால் அது வரி வரியாகச் சரிபார்க்கும், முந்தைய வரியிலிருந்து அடுத்த வரி வராவிட்டால் திரையில் "எப்படி?" என்று மட்டும் கேட்கும். பணிவாக இருக்கட்டும் என்று அந்த வார்த்தையை நான்தான் வைத்தேன். சரி, டாக்டர் பட்டத்துக்கு நான் எழுதிய தீசிஸையே அதற்குக் கொடுப்போம், இயற்கணிதமும் நானே மென்பொருளும் நானே, இதைவிடச் சம்பந்தம் வேறென்ன வேண்டும் என்று ஒரு மாதம் உட்கார்ந்து தட்டினேன். நாற்பது பக்கம் மடமடவென்று ஓடியது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் "இது வெளிப்படை" என்று எழுதியிருந்த இடத்தில் நின்றது. "எப்படி?" என்றது.

மூன்று வாரமாக யோசிக்கிறேன் மாமா. எப்படின்னு எனக்கே தெரியல.

அந்தப் பக்கத்தின் மேல்தான் என் பதினொரு கட்டுரையும் நிற்கின்றன. பன்னிரண்டாவது, என் ஆராய்ச்சி கைடு காலமானபோது எழுதிய இரங்கல் குறிப்பு. அது மட்டும் தப்பிக்கும். புரோகிராம் சரி என்றால் பதினொன்று போச்சு. தீசிஸ் சரி என்றால் புரோகிராம் தப்பு, ஏழு போச்சு. எப்படிப் பார்த்தாலும் என் பாதி வாழ்க்கை தப்பு, எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. துறைத் தலைவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "சார், இதுல எத்தனைன்னுதான் கேட்டிருக்கு. சரியா தப்பான்னு ஏதாவது கட்டம் இருக்கா, நீங்களே பாருங்க." இல்லைதான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லையே.

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தின் தேதியைப் பார்த்தாள். "நம்ம கல்யாணத்துக்கு முந்தின வாரமா?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் மாமா, தேதியைத்தான் ஒப்புக்கொண்டேன், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்ப உங்க தப்புக்கெல்லாம் நான்தான் காரணமா?" என்று உள்ளே போனவள்தான், மூன்று நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. பேத்திதான் தூது போகிறாள்.

நேற்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பதினொரு கட்டுரையையும் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைகளுக்கு ஈமெயில் போட்டேன். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். படித்தவர்கள் இருந்தால்தானே ஏமாந்தவர்கள் இருக்க! பதவி உயர்வும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இனி எதையும் வெளிப்படை என்று எழுதமாட்டேன். மகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசியில் எப்போதும் கொடுக்கும் பங்கைவிட இம்முறை கொஞ்சம் கூட்டிக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "யாரோ ஒரு பொண்ணு. உங்க தீசிஸைப் படிச்சிருக்காளாம்" என்றாள். இரண்டு பேருமே நம்பவில்லை. எங்கோ ஒரு காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண். பத்திரிகை ஆசிரியர் ஒருவர், அவளும் இதே துறை என்று என் ஈமெயிலை அவளுக்கு அனுப்பினாராம். "ஐயா, வாபஸ் வாங்காதீங்க! அந்த நாப்பத்தொண்ணாம் பக்கத்து ஓட்டையை நான் ஆறு வருஷம் முன்னாடியே அடைச்சுட்டேன். நீங்க வேணும்னேதான் மாணவங்களுக்குப் பயிற்சியா விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்கிறாள்! அவள் சொன்ன நாலு வரியைத் தட்டினேன். புரோகிராம் வாயை மூடிக்கொண்டு நகர்ந்தது. ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. தாராளமாகப் பத்தொன்பது என்றே சொல்லுங்கள். ஆனால் பஸ்ஸில் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லவும், இப்போது அது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது.