எபனேசர் எஸ்.பி.யும் அவருடைய மேசையும்

கவலைப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. சும்மா இருக்கக் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும். கேஸை அணைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஆனால் பார்வதிபுரம் வருவதற்குள் வீடு எரிந்து முடிந்திருக்கும் (மனதுக்குள்). எட்டாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் நாளைக்கு என்னிடம் கேள்வி கேட்பார் என்று பயந்து வீட்டில் இருந்துகொண்டேன். அந்த நாளை இன்னும் வரவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆளிடம் வீட்டு வைஃபைக்குக் காவல் கொடுத்தது என் மகள் ஷைனி செய்த பிழை.

நான் நாகர்கோவிலில் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவன். கல்யாணச் சீருக்கு வாங்கும் குடம், சருவம், செம்பு எல்லாவற்றிலும் மெஷினால் பெயர் பொறித்துக் கொடுப்பேன். ஆங்கிலத்திலும் வெட்டுவேன். படிக்கத்தான் வராது, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொல்லிவிடுவேன். பாத்திரத்தில் பெரிய ஆங்கில எழுத்து இருந்தால் அது யாரோ ஒருவருடைய இனிஷியல். என் படிப்பு அவ்வளவுதான்.

வைஃபை வந்த புதிதில் அது மெதுவாக ஓடினால், தெருவே நம் வீட்டிலிருந்து இழுக்கிறது என்று எனக்குச் சந்தேகம். என் தொல்லை தாங்காமல் ஷைனி என் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

"அப்பா, யாரெல்லாம் உள்ள இருக்காங்கன்னு இதுல தெரியும். ஒவ்வொண்ணும் உள்ள வரும்போ இந்த வைஃபை பெட்டிகிட்ட தனக்க பேரைச் சொல்லும். பெட்டி அதுக்கு ஒரு நம்பர் குடுக்கும். அப்புறம் பேரைக் கேட்டா போதும், பெட்டியே நம்பரைக் கண்டுபிடிச்சுச் சொல்லீரும்."

"பேரு சொல்லலேன்னா?"

"நம்பர் மட்டும் கெடக்கும்."

"பொய்ப்பேரு சொன்னா?"

ஷைனி கொஞ்சம் யோசித்தாள். "சொல்லலாம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு ஆறு மாதத்துக்குப் போதும். அன்றே எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கச் சொன்னேன். அப்பா போன், அம்மா போன், ஷைனி லேப்டாப், டிவி. பெயர் வெட்டிய பாத்திரங்களை வரிசையாக அடுக்கியதுபோல நாலு வரி. தெரியாத பெயர் வந்தால் பக்கத்திலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், ஆள் வெளியே. தினமும் இருபது தடவை திறந்து பார்ப்பேன். ("பைபிளை இத்தனை தடவை தொறந்திருந்தா இந்த மனுசன் இன்னேரம் போதகராயிருப்பாரு" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.)

ஷைனி கம்ப்யூட்டர் படித்துவிட்டு எட்டு மாதம் வீட்டிலிருந்தாள். முதல்முறையாகச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அழைத்தது. வீட்டிலிருந்தே வீடியோவில் இன்டர்வியூ, காலை பதினொரு மணிக்கு. நான் நடந்த நடையில் பிள்ளைக்குப் படித்ததெல்லாம் மறக்க ஆரம்பித்தது. ஸ்டெல்லா என் கையில் ஒரு பையைத் திணித்து, வடசேரி சந்தைக்கு விரட்டிவிட்டாள்.

நான் இல்லாத நேரத்தில் வீட்டில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. ஷைனியின் லேப்டாப்பில் முகம் மங்கலாகத் தெரிகிறது என்று கூடப் படித்த கூட்டுக்காரியின் லேப்டாப்பை வாங்கி வந்திருக்கிறாள். முன்னறையில் வெளிச்சம் போதாது என்று, என் மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த, போனிலேயே போட்டு அணைக்கிற பல்பை மாட்டியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வெடிக்குமா என்று கேட்பேனாம். (கேட்டிருப்பேன்.)

இதற்கு இரண்டு நாள் முந்தி நான் ஒரு குற்றம் செய்திருந்தேன். "வட்டக்கோட்டையில் கடல் உள்வாங்கிவிட்டது, எல்லோரும் மாடிக்குப் போகவும்" என்று எனக்கு வந்த செய்தியை, ஜனங்கள் பிழைக்கட்டுமே என்று சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் அந்தக் கோட்டை மதில்மேல் நின்றுகொண்டே பதில் போட்டார்: "கடல் இங்கதான் இருக்கு." இன்னொருவர் எழுதினார்: "வதந்தி பரப்புறவங்க பேரெல்லாம் எஸ்.பி. ஆபீசுக்குப் போகுது." அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

சந்தையிலிருந்து திரும்பியதும் என்னை அடுக்களையில் உட்கார வைத்தார்கள். முன்னறையில் ஷைனியின் ஆங்கிலம் குழாயில் தண்ணீர் வருவதுபோல வந்துகொண்டிருந்தது. பெருமையில் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஆப்பைத் திறந்தேன்.

நாலு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வரி.

ஐந்தாவதை எழுத்துக் கூட்டினேன். ஈ. எஸ். பி. பிறகு ஏதோ நம்பர். 'ஈ' இனிஷியல், எங்கள் பக்கத்தில் 'ஈ' என்றால் பெரும்பாலும் எபனேசர். எஸ்.பி. என்றால் எஸ்.பி.தான். எபனேசர், எஸ்.பி.! நம்ம சபைக்காரராகத்தான் இருக்கும், அதனால்தான் குழுவில் என் செய்தி கண்ணில் பட்டிருக்கிறது. ஆறாவதைக் கூட்டினேன். டி, ஈ, எஸ், கே... டெஸ்க். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே பொருள், தலை சாய்க்க உதவும். எஸ்.பி. தனியாக வரவில்லை, மேசையைப் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்!

இன்டர்வியூ நடக்கும்போது போலீஸ் உள்ளே இருந்தால் பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆகும்? எஸ்.பி.யை அழுத்தினேன். மேசையையும் அழுத்தினேன்.

முன்னறையில் ஆங்கிலம் சட்டென்று நின்றது. 'கெட்டிக்காரி, அதுக்குள்ள முடிச்சிட்டா' என்று நினைத்தேன். பிறகு போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன்.

ஷைனி ஓடிவந்தாள். "அப்பா, நெட் போச்சு! எதையாவது தொட்டீங்களா?"

"சத்தம் போடாத மக்களே" என்று கிசுகிசுத்தேன். "எஸ்.பி. உள்ள வந்துட்டாரு. நான் வெளிய தள்ளியாச்சு."

"எந்த எஸ்.பி.?"

"எபனேசர்."

"அய்யோ, அது மாமா குடுத்த பல்புப்பா! அதுல இருக்க சிப்புக்க பேரு!"

"அப்போ அந்த மேசை?"

"நான் பேசிட்டிருந்த லேப்டாப்! கம்பெனி அதுக்கு வச்ச பேரு 'டெஸ்க்டாப்'!"

அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினேன். போன் கிடைத்தது, உயிர் வரத்தான் நேரமெடுத்தது. பூட்டைத் திறக்கும் கோலம் பதற்றத்தில் மறந்துபோனது. "இந்த மனுசனுக்க பயமும் வெப்ராளமும் பிள்ளைக்க சோத்துல மண்ணைப் போட்டுட்டுதே" என்று ஸ்டெல்லா தலையிலடித்துக்கொண்டாள். ஒருவழியாக லேப்டாப்பை விடுவித்து ஷைனி மறுபடி இன்டர்வியூவுக்குள் போனபோது அங்கே யாரும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் கேட்டதற்குத் தகவல் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை.

அவள் டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து, என் போனின் சார்ஜர் ஓட்டையில் சிக்கிய குருணையை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மக்களே, ரெண்டு வார்த்தை திட்டீரு."

"திட்டினா நீங்க ரெண்டு மாசம் ஒறங்க மாட்டீங்க. கூட நானும் முழிச்சிருக்கணும்." இன்னொரு குருணையைக் குத்தி எடுத்துப் போட்டாள். பிறகு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். "ஏம்ப்பா... எஸ்.பி. வாறவரு மேசையையும் தூக்கிட்டா வருவாரு?"

சிரிப்பு முதலில் ஸ்டெல்லாவுக்குத்தான் வந்தது. எனக்குக் கடைசியில்.

நாலு மாதம் கழித்து இன்னொரு கம்பெனி. அன்று என்னைக் கன்னியாகுமரிக்கு அனுப்பிவிட்டார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டு நெட்வொர்க்கில் பெயரும் நம்பரும் எப்படிச் சேர்கின்றன என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். ஷைனி எபனேசர் எஸ்.பி.யின் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்து, இன்னொருவரையும் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்களாம். இப்போது பெங்களூரில் இருக்கிறாள்.

அந்த பல்பு இன்னும் எரிகிறது. எங்கள் வீட்டில் அதை யாரும் பல்பு என்று சொல்வதில்லை. "எபனேசரை அணைச்சிட்டு வாங்க" என்பாள் ஸ்டெல்லா. கிறிஸ்துமஸுக்கு வரும் மச்சினன், வாசலில் நின்றே "எஸ்.பி. டூட்டில இருக்காரா அத்தான்?" என்று கேட்பான்.

ஆப்பை இப்போதும் திறக்கிறேன். ஷைனி லேப்டாப் என்ற வரி மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. ரொம்ப நாளாக இது வரவில்லை, எடுத்துவிடவா என்று ஆப் அடிக்கடி கேட்கும். வேண்டாம் என்று அழுத்துகிறேன். லீவுக்கு வரும் அன்று அவள் பையிலிருந்து அதை எடுத்துத் திறப்பாள். அடுக்களையில் இருந்தபடியே நான் பார்ப்பேன், அந்த வரி பச்சையாகும்.

"வந்துட்டேன்னு இப்பவாவது நம்பிக்கை வந்துதா?" என்று முன்னறையிலிருந்து கேட்பாள்.