கற்பூரத்துக்குப் பின்வாங்கிய லாரி

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே தீக்குச்சிக்கு அதிகமாகப் பயந்தவர் லாரிக்காரர் ‘பாதிகேஸ்’தான். இத்தனைக்கும் ஒருகாலத்தில் வாயில் பீடி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

தன் பழைய டீசல் லாரியைப் பாதி எரிவாயுவில் ஓடும்படி மாற்றினார். அன்றோடு சொந்தப் பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முழுக்க கேஸிலேயே ஓட்டக் கூடாதா என்று கேட்டேன்.

“டீஜலு தீக்குச்சி மாரி சாரு. அது பத்த வச்சாத்தான் கேஸு எரியும்.”

சிலிண்டர்களை மாட்டிய மெக்கானிக், பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எவ்வளவு பக்கம் என்று சொல்லவில்லை. அந்தத் தூரத்தைப் பாதிகேஸே முடிவு செய்துகொண்டார். பீடி பற்றவைக்க அடுத்த தெருவுக்குப் போனார். டீக்கடை முன் வண்டியை நிறுத்தி, அடுப்பை அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டார். மாமல்லபுரத்தில் உளி பட்டுப் பொறி பறக்கிறது என்று சிற்பக்கூடத்துக்குள் லாரியை விடவே மாட்டார். எங்கள் கோயிலுக்குச் செய்த பிள்ளையாரை எட்டுப் பேர் உருளைக்கட்டை போட்டுச் சாலை வரை தள்ளிவந்தார்கள்.

சிறுசேரியில் மகனோடு இருக்கும் என்னை, சும்மாதானே இருக்கிறார் என்று குடியிருப்புக் கோயில் கமிட்டியில் சேர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பிள்ளையார் பீடம் ஏற வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து வழியில் எத்தனை வேகத்தடை என்றுகூட எண்ணி வைத்திருந்தேன். லாரி பத்து மணிக்கே வந்துவிட்டது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பெண்கள் தட்டில் கற்பூரம் ஏற்றி ஆரத்தியோடு எதிர்கொண்டார்கள். லாரி பின்னால் போனது. அவர்கள் பத்தடி நடந்தார்கள். அதுவும் பத்தடி போனது. நாகஸ்வரக்காரரும் வாசித்தபடியே கூடப் போனார். பிள்ளையார் மறுபடி மாமல்லபுரத்துக்கே போய்விடுவார் போலிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். “என்னப்பா இது, சாமிக்கு ஆரத்தி வேணாமா?”

“சாமி கல்லு சாரு, தாங்கும். தட்டப் புடிச்சிகினு வர்ற பொம்பளைங்க தாங்குவாங்களா?”

என் மருமகள்தான் கற்பூரத்தை ஆரத்தித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டுத் தட்டில் வைத்தாள். குருக்களைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். லாரி மெல்ல முன்னால் வந்தது. தயாராக நின்ற கிரேன் தூக்கிவிட, இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது பிள்ளையார் பீடத்தில் உட்கார்ந்தார்.

பிறகு அந்த மெக்கானிக்கிடம் விசாரித்தேன். அவ்வளவு பயம் தேவையில்லை என்று சிரித்தார். பாதிகேஸிடம் நான் அதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாரைப் பார்க்க வருகிறார். தன் சட்டையிலும் கேஸ் இருக்குமாம். அதனால் தெருமுனையிலேயே நின்றுகொள்வார். குருக்கள் தட்டை நீட்டியதும் தீபத்தை ஒற்றி, கைகளைக் குவித்துக்கொண்டு பாதிகேஸிடம் நடக்கிறேன். உள்ளங்கைச் சூடு ஆறுவதற்குள் அவர் கண்ணில் ஒற்றிவிட வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை.